திரிபுரா: மலைமக்கள் சிறுபான்மையான கதை

1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திரிபுராவில் இருந்தவர்கள் 15.56 லட்சம் பேர். அதே ஆண்டு கிழக்கு பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறைக்குத் தப்பி, எல்லை தாண்டி அந்த மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தவர்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையை நெருங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் என்பதுபோய், ஆளுக்கு ஓர் அகதி என்ற நிலை.

வங்கதேசம் பிறந்ததும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். இன்றைய திரிபுராவின் முகத்தை மாற்றியவர்கள் அவர்களுக்கு முன்பே, நாட்டுப் பிரிவினையின்போதும் அதையடுத்த ஆண்டுகளிலும் வந்து தங்கிவிட்டவர்கள். 1941இல் 5.13 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1961இல் 11.42 லட்சமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களில் பாதிக்கு மேல் பழங்குடியினர். 1981இல் அவர்கள் பங்கு 28 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 32 சதவீதம். சொந்த மண்ணில் பெரும்பான்மையாக இருந்த ஒரு மக்கள் கூட்டம் ஒரே தலைமுறைக்குள் சிறுபான்மையாகிவிட்டது. அங்கே பண்பாட்டு அடையாளம் குறித்து எழும் எந்தச் சச்சரவையும் இந்த எண்களிலிருந்துதான் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

ஆனால் எண்களோடு நின்றுவிட்டால் 'வந்தேறி' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். திரிபுராவின் வரலாறு அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை.

அரசர் அழைத்து வந்த மொழி

திரிபுராவை ஆண்ட மாணிக்ய வம்சத்தார் மலைமக்கள். ஆனால் அவர்களுடைய அரசவை மொழி வங்காளம். வம்ச வரலாறான 'ராஜமாலா' எழுதப்பட்டது வங்காளச் செய்யுளில். 1882இல் அரசியை இழந்து துயரத்தில் இருந்த பீர்சந்திர மாணிக்யா, இருபது வயதையொட்டிய ஒரு கவிஞரின் நூலைப் படித்து நெகிழ்ந்து, அவரைப் பாராட்டத் தன் தூதரை கொல்கத்தாவுக்கு அனுப்பினார். அந்த இளைஞர் ரவீந்திரநாத் தாகூர். பின்னாளில் அவர் ஏழு முறை திரிபுராவுக்குப் போய் வந்தார். இந்தித் திரையிசை கேட்ட எவரும் அறிந்த எஸ்.டி. பர்மன் இந்த அரச குடும்பத்துப் பிள்ளை. 1906இல் கொமில்லாவில் பிறந்தவர். அவர் பெயரிலுள்ள 'தேவ் பர்மன்'தான் இன்று மலைக்கிராமங்களில் 'தேப்பர்மா' என்று வழங்கும் குடும்பப் பெயர்.

கொமில்லா இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த சக்லா ரோஷனாபாத் என்ற சமவெளிப் பகுதி திரிபுரா அரசரின் ஜமீன். மலை நாட்டைவிட அந்தச் சமவெளிதான் அரண்மனைக்கு அதிக வருவாய் தந்தது. அங்கிருந்த வங்காளி உழவர்கள் அரசருக்கு வரி கட்டிய குடிகள். அவர்களில் பலரை மலைநாட்டில் குடியமர்ந்து உழுது பயிரிடும்படி அரசர்களே ஊக்குவித்தார்கள். 1947இல் கோடு கிழிக்கப்பட்டபோது சக்லா ரோஷனாபாத் பாகிஸ்தானோடு போயிற்று. அங்கிருந்து உயிர் தப்பி அகர்தலாவுக்கு வந்த ஓர் இந்து உழவர், தன் பழைய அரசரின் தலைநகருக்குத்தானே வந்திருக்கிறார்? அவரை அந்நியர் என்பதா, குடிமகன் என்பதா? இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. சிக்கலின் வேர் இங்கேதான்.

அந்தக் கோடு திரிபுராவின் புவியியலையும் நெரித்தது. மூன்று பக்கமும் வேற்று நாடு. எல்லைக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த அகௌரா ரயில் நிலையம் அயல்நாட்டு நிலையமாயிற்று. கொல்கத்தாவுக்குப் போக அசாம், சிலிகுரி என்று 1,500 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டியதாயிற்று. அகன்ற ரயில் பாதை அகர்தலாவை எட்டியது 2016இல்தான். உள்ளே வந்தவர்கள் வேறெங்கும் பரவ வழியின்றி ஒரே இடத்தில் நெருங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடும் பள்ளமும்

திரிபுராவின் நிலத்தைச் சொல்ல அங்கே இரண்டு சொற்கள் உண்டு. 'டில்லா' என்றால் மண்குன்று. 'லுங்கா' என்றால் குன்றுகளுக்கிடையே நீர் தங்கும் தாழ்நிலம். மலைமக்கள் டில்லாக்களில் ஜூம் சாகுபடி செய்தார்கள். நம் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் போன்றதுதான் அது. காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, சில ஆண்டுகள் கழித்து அடுத்த சரிவுக்கு நகர்வார்கள். நகரும் நிலத்துக்குப் பட்டா ஏது? வந்தவர்கள் ஏர் பூட்டத் தெரிந்தவர்கள், லுங்காக்களை நெல்வயலாக்கினார்கள். காகிதமும் கடனும் அறிந்தவர் கைக்கு நிலம் மெல்ல மெல்ல மாறிற்று.

இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. 1960ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாற மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. கைமாற்றம் நிற்கவில்லை. 1974இல் கொண்டுவந்த திருத்தம், 1969 ஜனவரி 1க்குப் பிறகு முறைகேடாகப் போன நிலத்தை மீட்டுத் தர வழி செய்தது. அதாவது, அதற்கு முன் போனது போனதுதான். 1970களின் நடுவில் கோமதி ஆற்றில் தும்பூர் அணை எழுந்தபோது ஆயிரக்கணக்கான பழங்குடிக் குடும்பங்கள் வெளியேறின. பட்டா இல்லாததால் பெரும்பாலோர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறவே இல்லை. ஒரு சிறிய மின்நிலையத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்தது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

கோபம் 1980 ஜூனில் வெடித்தது. மண்டாய் என்ற ஊரில் வங்காளிகள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். மாநிலமெங்கும் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஏற்கெனவே ஒருமுறை வீடிழந்து ஓடி வந்தவர்கள் மீண்டும் முகாமுக்குப் போனார்கள். அதன்பின் பல ஆண்டுகள் துப்பாக்கி பேசியது. ஆயுதப்படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டம் விலகியது 2015இல்.

எந்த எழுத்தில் எழுதுவது?

திரிபுரா மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் தாய்மொழி வங்காளம். ஏறத்தாழ நான்கில் ஒருவரின் மொழி கொக்பரோக். 'கொக்' என்றால் மொழி, 'பரோக்' என்றால் மனிதர். இந்த மொழி பேசுவோருக்குப் பள்ளிக்கூடம் நடத்த அரசு முன்வருமுன்பே மலைமக்கள் தாங்களே முனைந்தார்கள். 1945இல் தசரத் தேப் உள்ளிட்ட இளைஞர்கள் தொடங்கிய ஜன சிக்ஷா சமிதி, மலைக்கிராமங்களில் நானூறுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் திறந்தது. அதே தசரத் தேப் 1993இல் முதலமைச்சரானார். 1979 ஜனவரி 19 அன்று கொக்பரோக் மாநிலத்தின் அலுவல் மொழிகளில் ஒன்றாயிற்று. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இன்னும் இடமில்லை.

மொழி கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை. வங்காள எழுத்தா, ரோமன் எழுத்தா என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக நீள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். கொக்பரோக்கில் இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே ஓர் உயிரொலி இருக்கிறது. நம் குற்றியலுகரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அவ்வளவு அந்நியமல்ல. தண்ணீரைக் குறிக்கும் அன்றாடச் சொல்லிலேயே அது வரும். வங்காள எழுத்தில் அதற்கென ஒரு குறி இல்லை. ரோமனில் 'டபிள்யூ'வை அதற்கு ஒதுக்கி இளைஞர்கள் தயக்கமின்றி எழுதுகிறார்கள். மறுதரப்பும் காரணமில்லாமல் பேசவில்லை. பழைய நூல்களும் படித்த தலைமுறையும் வங்காள எழுத்தில் வளர்ந்தவை. அரசு அமைத்த குழுக்கள் ஆராய்ந்தும் தீரவில்லை. அண்மை ஆண்டுகளிலும் ரோமன் எழுத்தில் தேர்வு எழுத உரிமை கேட்டு மாணவர்கள் சாலை மறியல் செய்தார்கள். பேசுகிறவர்கள் கையில் விட வேண்டிய முடிவு இது என்பதே என் கருத்து.

எழுத்துக்கு இத்தனை தடை இருக்க, கலைக்குத் தடையே இல்லை. தலையில் குப்பியும் அதன்மேல் விளக்கும் வைத்து ரியாங் பழங்குடிப் பெண்கள் ஆடும் ஹோஜாகிரி நடனம் குடியரசு நாள் அணிவகுப்பு வரை போயிருக்கிறது. பழைய அகர்தலாவில் பதினான்கு தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கர்ச்சி பூஜையில் சந்தாய் எனப்படும் பழங்குடிப் பூசாரி முன்னிற்க, வங்காளிக் குடும்பங்கள் ஏழு நாளும் திரண்டு வணங்குகின்றன. அடுக்களையிலும் இதே கலப்புதான். புட்டி என்ற சிறு மீனை நொதிக்க வைத்துச் செய்யும் கருவாட்டை மலைமக்கள் 'பெர்மா' என்பார்கள். வங்காளிகள் 'சித்தல்' என்பார்கள். அகர்தலாவில் பேசும் வங்காளமும் கொல்கத்தாவின் வங்காளம் அல்ல. கொமில்லா, நவகாளி, சில்ஹெட் வட்டாரப் பேச்சுகள் கலந்து உருவான தனி வழக்கு. வந்தவர்களும் இங்கே வேறொருவராக மாறியிருக்கிறார்கள். இந்தக் கலப்பு உண்மையானது, அருமையானது. ஆனால் இதைக் காட்டி நிலத்தையும் எழுத்தையும் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது.

மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பழங்குடிப் பகுதிகளின் தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலுக்குள் வருகிறது. 1985 முதல் அது அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணையின் கீழ் இயங்குகிறது. பரப்பு பெரிது, பணப்பெட்டி சிறிது. நிதிக்கு மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டும். இந்த ஏக்கத்திலிருந்து எழுந்ததுதான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரத்யோத் மாணிக்ய தேப்பர்மாவின் திப்ரா மோத்தா கட்சி. 2021இல் கவுன்சிலைக் கைப்பற்றியது. 2023இல் சட்டமன்றத்தில் 13 இடங்களை வென்றது. வங்காளத்தை அரசவையில் ஏற்றிய அதே வம்சத்தின் வாரிசு இன்று கொக்பரோக்குக்கு ரோமன் எழுத்து கேட்கிறார்.

2024 மார்ச் 2 அன்று மத்திய அரசும் மாநில அரசும் திப்ரா மோத்தாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வரலாறு, நில உரிமை, அரசியல் உரிமை, பொருளாதாரம், அடையாளம், பண்பாடு, மொழி ஆகிய எல்லாவற்றையும் கூட்டுக்குழு பேசித் தீர்க்கும் என்றது அது. அந்த வாக்கு நிறைவேறுகிறதா என்று அறிய விழா மேடைகளைப் பார்க்கத் தேவையில்லை. கவுன்சிலுக்குப் பணம் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறதா, ஒரு டில்லாவின் மேலுள்ள தொடக்கப்பள்ளியில் கொக்பரோக் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா, அங்கே படிக்கும் பிள்ளை பின்னாளில் பத்தாம் வகுப்புத் தேர்வில் தனக்குப் பழகிய எழுத்தில் விடை எழுத முடிகிறதா என்று பார்த்தால் போதும்.