ஒரே தட்டில் இரு செயற்கைக் கோள்கள்

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் எத்தனை டிஷ் ஆன்டெனாக்கள் உள்ளன? மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவைக்கு ஒன்று, பிள்ளைகள் விரும்பும் கட்டணச் சேவைக்கு மற்றொன்று என இரு தட்டுகளை நிறுத்தும் இல்லங்கள் உண்டு. இரண்டாவது தட்டு வாங்குமுன் சற்றே சிந்தியுங்கள். ஒரே தட்டு இரண்டு வேலைகளையும் செய்யக்கூடும்.

தட்டு என்பது வெறும் கண்ணாடி போன்றது. விண்ணிலிருந்து வரும் அலைகளைத் திரட்டி ஓரிடத்தில் குவிப்பதே அதன் பணி. அவற்றை வாங்கி, கேபிளில் செல்லத் தக்க குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றுவது, கம்பியின் நுனியில் இருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவி. வேறொரு திசையிலிருந்து வரும் அலைகள் அதே தட்டில் பட்டுச் சற்று விலகிக் குவிகின்றன. அங்கே இரண்டாவது எல்.என்.பி.யைப் பொருத்தினால் போதும்.

2010 தந்த பாடம்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இக்கோள்கள் வரிசையாக நிற்கின்றன. 2010 ஜூலையில் 93.5 டிகிரி கிழக்கில் இருந்த இன்சாட்–4பி கோளில் மின்வழங்கல் பழுதாகி, அதன் அலைபரப்பிகளில் பாதி நிறுத்தப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட், 91.5 டிகிரியில் அப்போது இருந்த மீசாட்–3 கோளுக்கு மாறிற்று. வெறும் இரண்டு டிகிரி மாற்றத்திற்காக வீடுதோறும் தட்டுகளைத் திருப்ப வேண்டியதாயிற்று. இத்தொழிலில் சிறு கோணமும் எவ்வளவு பெரிது என்பதற்கு இதுவே சான்று.

நம்மூர்க் கணக்கு

இன்று ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்–15 வழியே வருகிறது. திருவண்ணாமலையிலிருந்து அது தென்கிழக்கில், ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் உள்ளது. டாட்டா பிளே பயன்படுத்தும் 83 டிகிரி நிலையோ, தெற்கை ஒட்டி 75 டிகிரி உயரத்தில் உள்ளது. இரண்டும் உச்சிக்கு அருகே இருப்பதால் 814 மீட்டர் உயர மலை எந்தப் பகுதியினருக்கும் குறுக்கே நிற்பதில்லை. அருகிலுள்ள தென்னையும் தண்ணீர்த் தொட்டியுமே மறைக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே நம் கண்ணுக்கு 12 டிகிரி இடைவெளி. எல்.என்.பி. தட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், இரண்டாவது கருவி ஏறத்தாழ 8 செ.மீ. விலகி அமையும். தட்டின் பின்னால் நின்று விண்ணை நோக்கினால் 83 டிகிரிக் கோள் வலப்புறம் மேலே இருக்கும். ஆகவே அதன் எல்.என்.பி. இடப்புறம் கீழே அமைய வேண்டும். குறுக்குச் சட்டத்தைக் கிடையாக மாட்டிவிட்டுப் படம் வரவில்லையே என்று வருந்துவோர் இதைக் கவனிக்கவும்.

93.5, 91.5 போன்று மிக நெருங்கிய நிலைகளுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே தேவைப்படும் இடைவெளி சுமார் ஒன்றரை செ.மீ. தான், இரண்டு சாதாரணக் கருவிகள் அருகருகே அமர இடமிராது.

கவனிக்க வேண்டியவை

நடுவே குவியும் அலையே வலிமை மிக்கது. எனவே பலவீனமான கோளுக்கு நடு இடத்தைக் கொடுங்கள். ஓரத்து எல்.என்.பி. மழையில் முதலில் தடுமாறும், 60 செ.மீ. தட்டைவிட 90 செ.மீ. தட்டு இதற்கு ஏற்றது.

இரு பெட்டிகள் இருப்பின் இரண்டு கேபிள்களைத் தனித்தனியே இறக்குங்கள். ஒரே இலவசப் பெட்டியில் இரு கோள்களையும் காண்பதானால் 'டைசெக்' என்னும் மாற்றுக் குமிழ் வேண்டும். அது பெட்டி அனுப்பும் கட்டளைப்படி எல்.என்.பி.யை மாற்றித் தரும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் கட்டண அலைவரிசையைத் திறக்காது. இதை எண்ணாமல் குமிழ் வாங்குவது வீண்விரயம்.

கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் செல்வதால், இணைக்குமுன் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும் மின்கம்பி அருகிலும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஒரு தட்டின் விலை மிச்சமாகலாம். ஓர் உயிருக்கு விலையேது?