வார்ப்பதா, அடிப்பதா, அழுத்துவதா?

சோலிங்கன் எனும் பெயரை எம்மவர் பலர் சமையலறைக் கத்தியின் அலகிலேயே முதன்முதலில் வாசித்திருப்பர். 1993ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டிற்கு நிறவெறியர் தீவைத்து, பெண்களும் சிறுமிகளுமாக ஐவரைப் பலிகொண்ட கொடுமையாலும் அப்பெயர் புலம்பெயர்ந்தோர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. இன்று நாம் பேசப் புகுவது அந்நகரின் இரும்பைப் பற்றியாகும்.

அண்மையில் நண்பர் ஒருவர் இரு கத்திகளை எம் முன்னே வைத்தார். ஜேர்மனியில் தகடு அழுத்தும் தொழிற்சாலையொன்றில் பல்லாண்டு உழைப்பவர் அவர். "சேர், ரெண்டிலயும் சோலிங்கன் எண்டுதான் கிடக்கு. ஒண்டு மற்றதைவிட நாலு மடங்கு விலை. எங்களைப் பேய்க்காட்டுகினமோ?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

விலை கூடியது அடித்துச் செய்யப்பட்டது. உருக்குத் துண்டை ஏறத்தாழ 1,100 பாகை வெப்பத்தில் பழுக்கக் காய்ச்சி, இரு பாதி அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டிப் பொறியால் அடிப்பர். அச்சின் விளிம்பில் பிதுங்கும் பிசிறைப் பின்னர் வெட்டி நீக்குவர். அலகுக்கும் கைபிடிக்கும் இடையிலுள்ள தடித்த கழுத்து அதே துண்டிலிருந்தே எழுகின்றது. விலை குறைந்ததோ உருட்டிய தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. அதில் அத்தகைய கழுத்து இல்லை, எடையும் குறைவு, வேலையும் குறைவு.

இரண்டும் ஒரே வகை உருக்காக இருத்தல் கூடும். நூற்றுக்கு அரை வீதமளவு கரியும் 15 வீதமளவு குரோமியமும் கலந்த துருப்பிடிக்கா உருக்கே இங்கு பெரிதும் பயன்படுவது. கூர்மையைத் தீர்மானிப்பவை உருக்கின் தரமும், பதமிடுதலும், சாணை பிடிப்பவனின் கையுமேயாம். அடித்த கத்திதான் வெட்டும், மற்றையது வெட்டாது என்பது வணிகர் பேச்சு. சோலிங்கன் பெயரைக் காக்க 1938இல் இயற்றப்பட்ட சட்டமும், அதன் இடத்தில் 1994இல் வந்த விதிகளும், முதன்மையான வேலைகள் அந்நகர்ப் பகுதியிலேயே நடைபெறவேண்டும் என்கின்றன. அடித்துத்தான் செய்யவேண்டும் என்று கேட்கவில்லை. எனவே நண்பரை எவரும் பேய்க்காட்டவில்லை. அவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவே.

நார் ஓட்டமும் கணக்கும்

இத்தெரிவு எமக்குப் புதியதன்று. எமது ஊர்க் கொல்லன் அரிவாளை வார்த்ததில்லை. உலையில் காய்ச்சி அடித்தான். நாச்சியார்கோயில் கம்மியர் குத்துவிளக்கை அடித்ததில்லை. பித்தளையை உருக்கி வார்த்தனர். உருகிய உலோகம் எவ்வளவு நுட்பமான வடிவத்தினுள்ளும் பாயும். ஆயின் உறையும்போது உள்ளே நுண்ணிய துளைகள் தங்கிவிடக்கூடும். விளக்கு ஓரிடத்தில் நின்று ஒளிதருவது; அதற்கு அது போதும். அரிவாளோ அடிதாங்க வேண்டியது. அடிக்கும்போது உலோகத்தின் உள்நார்கள், மரத்தின் நார் கிளையோடு வளைவதுபோல, பொருளின் வடிவத்தோடு வளைந்து செல்கின்றன. அதே பொருளை முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுத்தால் அந்நார்கள் வெட்டுண்டுவிடும்.

இயந்திரத்தின் சுழல்தண்டு, வண்டியின் அச்சுமுனை, கொளுக்கி முதலியவற்றை அடித்துச் செய்வதும், உள்ளே பல வழிகள் கொண்ட இயந்திர உடலை வார்ப்பதும், சட்டியையும் கார்க் கதவையும் தகட்டிலிருந்து அழுத்துவதும் இக்காரணத்தாலேயே. தகட்டிற்கும் ஓர் எல்லையுண்டு. வட்டத் தகட்டின் விட்டம் அழுத்தும் முளையின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கைத் தாண்டினால், ஒரே இழுப்பில் சட்டியாகாது, அடி கிழியும். ஆழமான பாத்திரத்தைப் படிப்படியாகவே இழுக்கவேண்டும்.

வலிமைக்கு அடுத்தது தொகை. அடிப்பதற்கான அச்சுத் தொகுதியொன்று 20,000 யூரோ என்று எடுத்துக்கொள்வோம். 500 துண்டு மட்டும் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 40 யூரோ அச்சுச் செலவு விழும். ஓர் இலட்சம் செய்தால் 20 சதம் மட்டுமே. சிறு தொகைக்குக் கடைதலும், பெருந்தொகைக்கு அச்சும் என்று பொதுவாக வகுப்பது இதனாலாகும்.

இந்நாட்டிற்கு வந்த தொடக்க காலத்தில் நாமும் சிறு தொழிற்சாலையொன்றில் இரவுவேலை செய்தோம். அச்சுச் செலவுக்கு அஞ்சி, அடிக்கவேண்டிய நெம்புகோலொன்றை அங்கு வார்த்தனர். சில மாதங்களில் முறிந்த துண்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அவ்வேலை கைவிட்டுப் போயிற்று; முதலில் வெளியேற்றப்பட்டோர் தற்காலிகத் தொழிலாளரான நாமே.

கைபோன தொழிலாளர்

முறையைத் தெரிவோர் மனிதரின் வாழ்வையும் சேர்த்தே தெரிகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அச்சடிப்பு சோலிங்கனுக்குள் நுழைந்தபோது, கத்திரிக்கோலைக் கையால் அடித்த கொல்லர் தம் தொழிலை இழந்தனர். சாணை பிடிப்போர் மேலும் பல காலம் நின்றுபிடித்தனர். அவர்தம் கைநுட்பத்தை அச்சு எளிதில் பறிக்க இயலவில்லை. அந்நகரின் மெர்ஷைட் பகுதியில் 1886இல் தொடங்கிய ஹென்ட்ரிக்ஸ் அச்சடிப்பாலை கத்திரிக்கோல் பாதிகளை நூறாண்டுகள் அடித்தது. கொல்லரை வீழ்த்திய அதே முறை 1986இல் அங்கு தானும் ஓய்ந்தது. அப்பட்டறை இப்போது அருங்காட்சியகம்.

வளையம் சொல்லும் பாடம்

எஸ்ஸன் நகரின் அல்பிரட் குருப், 1850களின் தொடக்கத்தில் இரயில் சக்கரத்திற்குப் பொருத்தில்லாத உருக்கு வளையம் செய்தார். அதற்கு முன் வளையத்தை வளைத்து ஒட்டினர். ஒட்டிய இடமே முறிந்தது. அவர் அடித்த துண்டைப் பிளந்து, விரித்து, உருட்டி வளையமாக்கினார். அந்நிறுவனம் 1875இல் ஏற்ற மூவளையச் சின்னம் அதன் நினைவே.

ஆயினும் பொருத்தில்லாமை மட்டும் காவலன்று. 1991இல் ஓடத் தொடங்கிய ஜேர்மன் அதிவேக இரயில்கள் ஒரே துண்டுச் சக்கரங்களோடு வந்தன. அதிர்வைக் குறைக்கவென, மறு ஆண்டு முதல் உட்சக்கரத்திற்கும் வெளிவளையத்திற்கும் இடையே இறப்பர் வைத்த சக்கரங்கள் பூட்டப்பட்டன. 1998 ஜூன் 3ஆம் நாள் எஷெடே எனுமிடத்தில், 920 மில்லிமீற்றர் விட்டத்திலிருந்து 862 ஆகத் தேய்ந்திருந்த அத்தகைய வளையமொன்று, உட்புறத்தே தொடங்கிய வெடிப்பால் முறிந்தது. 101 பேர் மாண்டனர். அதன்பின் ஒரே துண்டுச் சக்கரங்களே மீண்டும் பூட்டப்பட்டன. குறை அடித்ததிலன்று, அப்பொருள் நாளும் தாங்கும் சுமையையும், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தையும் போதிய அளவு எண்ணாமையில் இருந்தது.

ஜேர்மன் தொழிற்சாலைகளில் எம்மவர் பலர் பொறியின் முன்னே நிற்கின்றனர். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அறிவர். ஏன் இப்பொருள் அழுத்தப்படுகிறது, வார்க்கப்படவில்லை என்பதை அவர்க்கு எவரும் சொல்வதில்லை. அந்த 'ஏன்' தான் கூலியாளுக்கும் தொழில்வல்லுநருக்கும் இடையிலுள்ள வேலி. நண்பரின் மகனுக்கு இவ்வாண்டு அச்சுச் செய்யும் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்துள்ளது. பல்கலைக்கழகமே மேல் என்று தயங்கிய தந்தை, கத்திகளைக் கையில் எடுத்தவாறே, "அப்ப அவன் படிக்கட்டும் சேர்" என்றார். நாமும் அதையே சொன்னோம்.