புளியரை ஏத்தமும் ஆறு சிலிண்டரும்

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றும் லாரி, விடிவதற்குள் கேரளச் சந்தைகளில் இறக்கியாக வேண்டும். தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போகிறது 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசைகட்டுவதும் இதே சாலையில்தான். புளியரை ஏத்தத்தின் எஸ் வளைவில் லோடு வண்டி ஒன்று நின்றுவிட்டால் இரு பக்கமும் போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும்.

இந்த வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது இன்லைன் டீசல் எஞ்சின். சிலிண்டர்கள் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கனரக லாரி என்றால் பெரும்பாலும் ஆறு. சாரல் சீசனில் குற்றாலத்துக்கு ஆளேற்றி வரும் அரசுப் பேருந்துகளிலும் இன்லைன்தான்.

இதற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஆலையின் காமெட் லாரியில் ஆறு சிலிண்டர் இன்லைன் எஞ்சின் இருந்தது. 1954-ல் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது டாடாவின் டெல்கோ. அந்த வழியில் வந்த 697 எஞ்சினுக்கு 97 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்த பிறகு வந்த 5.9 லிட்டர் எஞ்சினில் அது 102-க்கு 120. இரண்டிலும் போரைவிட ஸ்ட்ரோக் நீளம். ஏத்தத்தில் குறைந்த சுற்றிலேயே இழுவை வேண்டும் என்பதற்கான கணக்கு அது. இன்றைய கனரக எஞ்சின்கள் பலவும் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,600 சுற்று வாக்கில் முழு இழுவையையும் தந்துவிடுகின்றன.

ஏன் ஒரே வரிசை?

ஆறு சிலிண்டரில் 1-ம் 6-ம், 2-ம் 5-ம், 3-ம் 4-ம் ஜோடியாக ஏறி இறங்கும். 1-5-3-6-2-4 என்ற வரிசையில், கிராங்க் 120 டிகிரி சுற்றுவதற்கு ஒருமுறை வெடிப்பு நடக்கும். பிஸ்டன்களின் உந்தல் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் அதிர்வு மிகக் குறைவு. கனெக்டிங் ராடு ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பின். கிராங்க்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். சிலிண்டர்கள் இரு வரிசையாக நிற்கும் வி வடிவ எஞ்சினில் இரண்டு ராடுகள் ஒரே பின்னைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஹெட்டும் இரண்டு பக்கம், மேனிஃபோல்டும் இரண்டு பக்கம். வேலையும் செலவும் அந்த அளவுக்குக் கூடும்.

வி எஞ்சினையும் குறைத்து மதிப்பிட முடியாது. நம் ராணுவத்தின் டாட்ரா லாரிகள் ஏர்-கூல்டு வி எஞ்சினோடு பாலைவனத்திலும் பனியிலும் ஓடியவை. ஸ்கேனியாவின் வி-8 எஞ்சின் 1969 முதல் பெயர் வாங்கியது. ஆனால், 1996-ல் ஆக்ட்ரோஸ் லாரிக்கு வி-6, வி-8 எஞ்சின்களைத் தந்த மெர்சிடிஸ், 2011-ல் வந்த புதிய ஆக்ட்ரோஸில் ஆறு சிலிண்டர் இன்லைனுக்கே திரும்பிவிட்டது.

இன்லைனுக்கும் பலவீனம் உண்டு. கிராங்க் நீளமானது, முறுக்கு அதிர்வு வரும். அதை அடக்க முன்பக்கம் டாம்பர் இருக்கிறது. அதன் ரப்பர் நைந்துபோனதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் கிராங்க்கே முறியலாம். ரேடியேட்டர் அடைத்த வண்டியை முழு லோடோடு மலையேற்றினால் ஹெட் கேஸ்கெட் போகும்; ஆயிலில் தண்ணீர் கலந்து பால்டீ நிறத்துக்கு வந்துவிடும்.

பட்டறையில் பாதி உயிர்

எஞ்சினின் நம்பகத்தில் பாதி ஆலையில் உருவாகிறது. மீதி, பட்டறையில். டாப்பெட் வைக்கும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் மெக்கானிக்கைப் பாருங்கள். கிராங்க்கை மெல்லச் சுற்றுவார். 6-ம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கும் தருணத்தில் நிறுத்துவார். அப்போது ஜோடியான 1-ல் இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஃபீலர் கேஜை நுழைத்து, அது லேசாகப் பிடித்து வரும்வரை ஸ்க்ரூவைத் திருகி, நட்டை இறுக்குவார். அடுத்தது 5, பிறகு 3. எஞ்சினை இறக்கினாலும் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி மறுபடி ஏற்றிவிடலாம். இந்த எளிமைதான் இன்லைன் எஞ்சினை லாரிக்காரர்களின் எஞ்சினாக்கியது.

ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் எஞ்சின் வேண்டும். 2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று, புளியரை எஸ் வளைவில் ரயில் பாதை மீது விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகே வசித்த முதிய தம்பதி இருளில் டார்ச் அடித்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். இந்த இறக்கத்தில் நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது. குறைந்த கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்து வண்டியைப் பிடித்தால்தான், ஏர் பிரேக் சூடேறிச் செயலிழக்காமல் இருக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 புகை விதிகள் வந்த பிறகு எஞ்சினின் எலும்புக்கூடு மாறவில்லை, சுற்றியிருப்பவை மாறிவிட்டன. காமன் ரெயிலின் உயர் அழுத்தத்தில் டீசலில் கலந்த தண்ணீரும் தூசியும் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். புகையைச் சுத்திகரிக்கும் ஆட்ப்ளூ திரவத்திலோ சென்சாரிலோ கோளாறு என்றால் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும், அதுவும் ஏத்தத்தின் நடுவில். காற்று சுத்தமாக இந்த மாற்றம் அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பழுதைக் கண்டறியும் ஸ்கேனர் இல்லாத பட்டறை இந்த எஞ்சின் முன்னால் கைகட்டி நிற்க நேர்கிறது.

தென்காசி மாவட்டத்தின் வழியே இரு மாநிலச் சரக்கு ஓடுகிறது. இங்குள்ள ஐ.டி.ஐ.களில், வேலையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்காக மாலைநேர பி.எஸ்-6 வகுப்புகளை அரசு தொடங்கட்டும். பட்டறைகள் சேர்ந்து ஸ்கேனர் வாங்கக் கடன் கிடைக்கட்டும். லாரி விற்கும் நிறுவனங்கள் பழுது விவரங்களை இந்தப் பட்டறைகளிடமும் பகிரட்டும். நல்ல எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அதைக் காப்பாற்றும் கைகளையும் காப்பாற்ற வேண்டும்.