ஓமந்தூரார் ஆஸ்பத்திரி ஏன் அப்படி இருக்கிறது?

கள்ளிக்குப்பத்திலிருந்து ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறி, அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், ஆஸ்பத்திரிக்கென்று கட்டியதாகத் தெரியவில்லையே என்று தோன்றும். தோன்றியது சரிதான். அது சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் கட்டிய கட்டடம். அதற்கு இடம் விடுவதற்காக ஒரு அரங்கத்தை இடித்தார்கள். அந்த அரங்கமே ஒரு காலத்துச் சட்டமன்றம்!

1952 பொதுத்தேர்தலுக்குப் பிறகு சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 உறுப்பினர்கள். அதுவரை சபை கூடிவந்த புனித ஜார்ஜ் கோட்டையில் அத்தனை பேருக்கு இடமில்லை. அரசினர் தோட்டத்தில் புதிதாக மண்டபம் எழுப்பினார்கள். 1952 மே 3 முதல் 1956 டிசம்பர் வரை சபை அங்கேதான் நடந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1956இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. உறுப்பினர்கள் குறைந்ததும் 1957இல் சபை கோட்டைக்கே திரும்பிவிட்டது.

வரிசை வரிசையாக ஆட்கள் உட்காரக் கட்டிய மண்டபத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவது? குழந்தைகளுக்கான பாலர் அரங்கம் ஆக்கினார்கள். பிற்பாடு என்.எஸ். கிருஷ்ணன் நினைவாகக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் மாறியது. சட்டம் இயற்றிய இடத்துக்கு நகைச்சுவை நடிகரின் பெயர். அவரே இருந்திருந்தால் இதை வைத்து ஒரு காட்சி எழுதியிருப்பார்.

அந்த அரங்கமும் பழைய எம்.எல்.ஏ. விடுதியும் போன இடத்தில், ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம் வடிவமைத்த புதிய வளாகம் எழுந்தது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தபோது மேலே கோபுரம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து செட் போட்டுச் சமாளித்தார்கள். நாடக மேடையை இடித்த இடத்தில் கடைசியில் சினிமா செட்!

2011இல் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு கோட்டைக்கே திரும்பியது. புதிய வளாகம் 2014 பிப்ரவரியில் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கத்தைப் புதிதாகக் கட்டி 2016இல் திறந்தார்கள்.

பிறகு கொரோனா. கோட்டையின் குறுகிய சபையில் 234 பேர் இடைவெளிவிட்டு உட்கார முடியாது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் கலைவாணர் அரங்கத்தின் மூன்றாவது தளத்தில் கூடியது. 2021 மே மாதம் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றதும் அங்கேதான். மறு ஆண்டு பட்ஜெட்டுக்குச் சபை மறுபடியும் கோட்டைக்குப் போய்விட்டது.