எடை மெஷினை விடுங்க... இன்ச் டேப்பை எடுங்க!

“தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒரு மாசமாகியும் ஒரு கிலோகூடக் குறையலை!” காலை நடையைத் தொடங்கிய பலர் இப்படி அலுத்துக்கொண்டு, இரண்டாவது மாதமே ஷூவை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டால் இதில் ஆச்சர்யம் இல்லை. 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். நடந்த கையோடு டீக்கடையில் ஒரு வடை, சர்க்கரை போட்ட ஒரு டீ... செலவானது அத்தனையும் திரும்ப வந்துவிடும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்குத்தான். இதைச் சொல்லாமல் ‘நடந்தால் இளைக்கலாம்’ என்று ஆசை காட்டுவதால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு?

லண்டன் பஸ்களில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அங்கே ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரின் குழு இவர்களை ஒப்பிட்டு 1953-ல் ஆய்வு முடிவை வெளியிட்டது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ‘டிரைவர்கள் குண்டாக இருப்பதுதான் காரணமோ?’ என்ற சந்தேகம் வந்தபோது, சீருடை தைக்கக் கொடுத்த பேன்ட் அளவுகளைப் புரட்டினார்கள். டிரைவர்களின் இடுப்பளவு அதிகம்தான். வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர்களே தப்பித்தார்கள். தொப்பை வைத்த கண்டக்டருக்கும் படிக்கட்டு கைகொடுத்திருக்கிறது! மாரிஸ் பிற்பாடு தானும் விடாமல் உடற்பயிற்சி செய்து, 99 வயது வரை வாழ்ந்தார்.

எடை முள் அசையாவிட்டாலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு உடற்பயிற்சியால் குறையும். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது இந்தக் கொழுப்புதான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். நமக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, பட்டினி கிடந்து மட்டும் இளைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரையும். குறைந்த எடை மறுபடி ஏறாமல் பிடித்துவைப்பதிலும் உடற்பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் தசைப் பயிற்சியே. மூட்டுவலி, நெஞ்சுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து அளக்கக் கூடாது!