டர்போ மகிழுந்தும் பெட்ரோலும்

மலேசிய எண்ணெய் நிலையங்களில் ரோன் 95, ரோன் 97 என இருவகைப் பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. இவ்வெண்கள் பெட்ரோலின் ஆற்றலைக் குறிப்பவை அல்ல. வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கி, தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் தன்மையையே குறிக்கின்றன.

டர்போ கருவி, இயந்திரம் வெளியேற்றும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே அழுத்திச் செலுத்துகிறது. அதனால், சிறிய இயந்திரமும் மிகுந்த ஆற்றலைத் தருகிறது. அதே வேளையில், உள்ளே வெப்பமும் அழுத்தமும் உயர்கின்றன. ரோன் எண் போதாத பெட்ரோல், ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே ஆங்காங்கே தானாகப் பற்றி வெடிக்கும். மேட்டில் ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ ஒலி இதன் அறிகுறியாகும்.

இதனை உணரும் மகிழுந்தின் கணினி, தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி இயந்திரத்தைக் காக்கிறது. ஆனால், இழுவிசை குறைகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. கடுமையான வெடிப்பு தொடர்ந்தால் பிஸ்டனும் சேதமடையலாம்.

எனவே, பட்டறைக்குச் செல்லும் முன், பயனர் கையேட்டில் குறிப்பிட்டுள்ள ரோன் எண்ணைப் பார்க்க வேண்டும். உரிய பெட்ரோலை நிரப்பிய பின்னரும் ஒலி நிற்காவிட்டால், ஸ்பார்க் பிளக்கையும் கரிப்படிவையும் சோதிக்கச் சொல்லலாம். விலை உயர்ந்த பெட்ரோல் எல்லா மகிழுந்துகளுக்கும் கூடுதல் வேகம் தரும் என்பது தவறான எண்ணம். இயந்திரத்திற்கு ஏற்ற பெட்ரோலே சிறந்த பெட்ரோல்.