கவிழ்த்து வைத்த சைக்கிளும் கட்டை றோபோவும்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998இல் ‘மைண்ட்ஸ்டோர்ம்ஸ்’ என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்ரிக் கட்டைகளோடு மோட்டார்களும், ஒளி உணரியும், சிறு கணனிக் கட்டையும் அதில் இருந்தன. 2022இன் முடிவில் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் றோபோப் போட்டிகள் நிற்கவில்லை. உலக றோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் ஆரம்பமானது.

இதிலே பிள்ளை கற்பது என்ன? வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டைப் பின்பற்றும் வண்டியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ஒளியைத் தெறிக்கச் செய்யும், கறுப்பு உறிஞ்சும். உணரி அந்த வேறுபாட்டை அளக்க, சக்கரங்களின் வேகம் மாறி வண்டி திரும்புகிறது. முதல் ஓட்டத்தில் தடம் மாறி ஓடினால், பிள்ளை காரணம் தேடிக் கழற்றி, மறுபடி பூட்டுகிறாள்.

இந்தப் பழக்கம் எமது குடாநாட்டுக்குப் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரிகள் கிடைக்காதபோது, எம்மவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள்.

விலையுயர்ந்த பெட்டி வாங்கக்கூடிய பாடசாலைகளுக்கே போட்டி என்றானால், தீவகத்துப் பிள்ளைகள் பார்வையாளர்களாகவே நிற்பர். ஒரு பெட்டியைப் பல பாடசாலைகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அதுவரை, பழுதான விளையாட்டுக் காரின் மோட்டாரும் பலகைத் துண்டும் தொடங்கப் போதும். கழற்றிப் பார்க்கும் பிள்ளையை ஏசாதிருப்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.